புள்ளலூர், 1780: பெய்லியின் படை குறித்த கேள்வி பதில்

கேள்வி: காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படை அழிந்ததற்கு மைசூர் ராக்கெட்டுகள்தாம் காரணமா?

பதில்: ராக்கெட்டுகள் பாய்ந்தது உண்மை. ஆனால் சிக்கல் தொடங்கியது கொசஸ்தலையாற்றங்கரையில். கும்பினித் தளபதி ஹெக்டர் மன்றோவின் படையோடு சேரக் குண்டூரிலிருந்து வந்த பெய்லி, ஆகஸ்ட் 25 அன்று நீர் குறைவாக இருந்த ஆற்றைக் கடக்காமல் வடகரையில் கூடாரமடித்தார். இரவில் வெள்ளம் வந்துவிட, ஒரு வாரத்துக்கும் மேல் அங்கேயே முடங்கினார். செப்டம்பர் 6 அன்று பெரம்பாக்கத்தருகே திப்பு தாக்கியபோது, ஒரு நாள் நடைத் தூரத்தில் காஞ்சியில் இருந்த மன்றோ தாம் புறப்படாமல் பிளெட்சரின் தலைமையில் சுமார் 1,000 பேரை மட்டும் அனுப்பினார். அவர்கள் வந்து சேர்ந்த பின்னும், 9ஆம் தேதி இரவு நடந்துகொண்டிருந்த படையைப் பெய்லி விடியும்வரை நிறுத்திவைத்தார். 10ஆம் தேதி காலையில் ஹைதர் அலியின் முழுப்படையும் சூழ்ந்துகொண்டது. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறிய பிறகும் எஞ்சியவர்கள் சதுரமாக அணிவகுத்து நின்று குதிரைப்படையைப் பலமுறை தடுத்துவிட்டு, கடைசியில் சரணடைந்தனர்.

கேள்வி: அவ்வூர் வயல்வெளியில் நிற்கும் தூண்கள் பெய்லியின் வீரர்களுக்கு எழுப்பியவைதாமே?

பதில்: இல்லை. அவை 1781 ஆகஸ்ட் 27 அன்று அங்கேயே கும்பினித் தளபதி அயர் கூட் நடத்திய இரண்டாம் போரில் இறந்த அதிகாரிகளுக்கானவை. இரு போர்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். பெய்லி 1782இல் சீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தார். அவருடைய நினைவு மண்டபமும் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: மகேந்திரவர்ம பல்லவர் பகைவரை வென்ற புள்ளலூரும் இதுதானா?

பதில்: இதுதான். காசக்குடிச் செப்பேடு அதைச் சொல்கிறது. மேற்கொண்டு அறியப் பல்லவர் வரலாற்றில் தேர்ந்தவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: மன்றோவைப் பழிப்பது நியாயமா? காஞ்சியில் சேர்த்துவைத்திருந்த அரிசியை விட்டுவிட்டு அவர் எப்படிப் புறப்பட முடியும்?

பதில்: நல்ல வாதம். சோறில்லாத படை நடக்காது என்பதை ஏற்கிறேன். ஆனால் எந்த அரிசிக்காக அவர் தயங்கினாரோ அதையும் காக்க முடியவில்லை. 10ஆம் தேதி புறப்பட்டுப் பாதி வழி வந்தவர், பெய்லியின் படை அழிந்த செய்தி கிடைத்ததும் காஞ்சிக்குத் திரும்பி, கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். முன்பு பக்ஸார் போரில் வென்ற தளபதி இவரேதான். பெய்லி தாமே வந்து சேர்ந்துவிடுவார் என்ற நம்பிக்கைதான் அவரை நிறுத்தியது என்பது என் எண்ணம். ஆற்றங்கரையில் வீணடித்த ஓர் இரவுக்குப் பெய்லிதான் பொறுப்பு என்பதையும் மறுக்கவில்லை.

கேள்வி: இப்போரின் ஓவியம் எங்கே இருக்கிறது?

பதில்: சீரங்கப்பட்டணத்தில், தரியா தௌலத் மாளிகைச் சுவரில். சிவப்புச் சட்டைக்காரர்களின் சதுரத்துக்கு நடுவே காயம்பட்ட பெய்லி பல்லக்கில் இருக்கிறார். அருகே வெடிமருந்து வண்டி தீப்பிழம்பாகச் சிதறுகிறது. தோற்ற பக்கத்துக் குறிப்புகளை மட்டும் படித்தவர்கள் இதை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இது திப்பு சொல்லி வரைந்த வெற்றிக் காட்சி. பின்னாளில் மேற்பூச்சு கண்டது என்பதால், சட்டைப் பொத்தான்வரை சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அந்த வண்டியை வெடிக்கச் செய்தது ராக்கெட்தானே?

பதில்: மறுபடியும் ராக்கெட்டா! பீரங்கிக் குண்டு என்று எழுதியவர்களும் உண்டு. முதல் பதிலைப் படியுங்கள்.