இடைக்காலக் கம்பளித் துணி எந்த ஊர் ஆட்டினுடையது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முக்கியமான தடயம் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம். பாறையிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து ஆட்டின் ரோமத்துக்கும் அது போகிறது. அதன் 87, 86 என்ற இரண்டு ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்களின்) விகிதம் வழியில் பெரிதாக மாறுவதில்லை. ஐஸ்லாந்தின் இளம் எரிமலைப் பாறையில் இந்த விகிதம் சுமார் 0.703. கிரீன்லாந்தின் பழம்பாறைகளில் இது மிக அதிகம். ஆகவே கிரீன்லாந்தில் தோண்டியெடுத்த துணியில் குறைந்த எண் வந்தால், அது கடல் கடந்து வந்ததா என்று விசாரிக்கத் தோன்றும்.

ஆனால் எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. கடலோரப் புல்லில் உப்புச் சாரல் படிந்து விகிதத்தைக் கடல்நீரின் 0.709 பக்கம் இழுத்துவிடும். நூற்றாண்டுக் கணக்கில் புதைந்து கிடந்த துணியில் மண்ணின் ஸ்ட்ரான்சியம் ஏறியிருக்கும். சாயமும், சாயத்தைப் பிடிக்க வைக்கும் படிகாரமும் வேறு தங்கள் பங்கைச் சேர்க்கும். இழையைச் சுத்தம் செய்யும் வேலைதான் ஆய்விலேயே கடினமான பகுதி.

அதனால் நெசவையும் சேர்த்தே பார்க்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஐஸ்லாந்தில் பணமாகவே புழங்கிய ‘வாத்மால்’ துணியில் பாவு நூல் (நீளவாட்டில் ஓடுவது) ஒரு திசையிலும் ஊடை நூல் (குறுக்கே ஓடுவது) எதிர்த்திசையிலும் முறுக்கப்பட்டிருக்கும். கிரீன்லாந்து நெசவாளிகளோ 14ஆம் நூற்றாண்டு வாக்கில் பாவைவிட ஊடையை நெருக்கி நெய்தார்கள். குளிர் கூடிய காலத்தில் கதகதப்புக்காகச் செய்தது என்பது ஒரு விளக்கம். உருப்பெருக்கியின் கீழ் ஒரு சென்டிமீட்டரில் உள்ள இழைகளை எண்ணினாலே இந்த வித்தியாசம் தெரிந்துவிடும்.

அப்புறம், துணியில் பொருத்தப்பட்டு, இப்போது துறைமுகங்களில் கிடைக்கும் ஈய முத்திரைகள். துணி நெய்த ஊரின் சின்னம் சிலவற்றில் அப்படியே பதிந்திருக்கும்.