மருந்து அடித்தும் வட்டக்கோரை சாகவில்லையே?

கேள்வி: திருவாரூர் பக்கம் 5 ஏக்கரில் நேரடி நெல் விதைப்பு. ஆறு வருடமாக விதைத்த 20-ஆம் நாள் பிஸ்பைரிபேக் சோடியம் களைக்கொல்லி அடிக்கிறேன். முன்பெல்லாம் வயல் சுத்தமாகிவிடும். போன வருடம் வட்டக்கோரை திட்டுத்திட்டாக நின்றது. இந்த வருடம் ஏக்கருக்கு 100 மில்லிக்குப் பதில் 150 மில்லி அடித்தும் கேட்கவில்லை. கடையில் வேறு மருந்து தருகிறேன் என்கிறார்கள், வாங்கலாமா?

பதில்: வாங்குவதற்கு முன் டப்பாவைத் திருப்பி, சின்ன எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரைப் படியுங்கள். பைரசோசல்ஃபியூரான், பென்சல்ஃபியூரான், எத்தாக்சிசல்ஃபியூரான், பெனாக்சுலாம் என்று இருந்தால் வேண்டாம். பெயர்தான் வேறு; களைக்குள் இருக்கும் ஒரே நொதியைத்தான் இவை எல்லாம் பிஸ்பைரிபேக்கைப் போலவே முடக்குகின்றன. அதில் பிழைத்த கோரை இவற்றிலும் பிழைக்க வாய்ப்பு அதிகம். சத்தீஸ்கரிலும் கேரளாவிலும் நெல் வயல் வட்டக்கோரைக்கு பிஸ்பைரிபேக்கைத் தாங்கும் எதிர்ப்பு வந்திருப்பது ஆய்வில் உறுதியாகியிருக்கிறது.

அளவைக் கூட்டியது வீண் செலவு. செத்ததெல்லாம் சாகக்கூடியது, தாங்கியது மட்டும் விதை கட்டி, அடுத்த வருடம் அதன் வம்சமே வயலை நிரப்பும்.

ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். மூன்று பட்டைத் தண்டு, உச்சியில் உருண்டை உருண்டையாகப் பூங்கொத்து, செந்நிற நார்வேர், கிழங்கு இல்லை என்றால் வட்டக்கோரையேதான். கிழங்கு இருந்தால் அது வேறு கோரை, வைத்தியமும் வேறு.

இந்தப் போகத்தில் இனி மருந்து வேண்டாம். திட்டுகளை மட்டும் பூங்கொத்து பழுக்குமுன் பிடுங்கி, வரப்பில் போடாமல் வெளியே கொண்டுபோய் விடுங்கள். ஆள் கிடைப்பது எவ்வளவு பாடு என்று தெரியும்; ஆனால் ஒரு செடி பல ஆயிரம் விதை உதிர்க்கும், அதைக் கணக்குப் பாருங்கள்.

அடுத்த போகத்துக்கு முன் தண்ணீர் கட்டி, களை முளைத்து வர இரண்டு வாரம் விட்டு, சேற்றுழவு போட்டு மடக்குங்கள். முடிந்தால் இரண்டு தடவை. இதன் விதை தூசி மாதிரி, மேல்மண்ணில் கிடப்பதுதான் முளைக்கும். அதனால் இந்த வேலைக்கு நல்ல பலன் உண்டு. அப்புறம் நடவு போடுவது உத்தமம். தேங்கும் தண்ணீரே பாதிக் களையை அடக்கும், கோனோவீடர் என்ற உருளைக் களையெடுக்கும் கருவியும் ஓட்டலாம். சேற்று விதைப்புதான் என்றால், பயிர்க்காப்பான் (நெல்லை மருந்து தாக்காமல் காக்கும் பொருள்) சேர்ந்த பிரெட்டிலாகுளோர் களைக்கொல்லியை ஏக்கருக்கு 600 மில்லி, விதைத்த 3, 4-ஆம் நாள் கொடுங்கள். 25-ஆம் நாள் வாக்கில் கோரை எட்டிப் பார்த்தால் 2,4-டி சோடியம் உப்பு 80 சதத் தூள், ஏக்கருக்கு 500 கிராம். பக்கத்து வயலில் பருத்தியோ உளுந்தோ இருந்தால் 2,4-டியைத் தொடாதீர்கள், காற்றில் போனாலே அந்தப் பயிர் கருகிவிடும்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. எத்தனை டேங்க் அடித்தீர்கள், வயலில் தண்ணீரை வடித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கோரை தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தால் நல்ல மருந்தும் பிடிக்காது. அதனால், மருந்துக்குத் தப்பிய ஒன்றிரண்டு செடியை மட்டும் பிடுங்காமல் விட்டு, அதன் விதையை ஒரு தட்டிலும், மருந்தே படாத இடத்துக் கோரை விதையை இன்னொன்றிலும் ஈரச் சேற்றின் மேல் தூவி முளைக்க விடுங்கள். மூன்று இலை வந்ததும் இரண்டுக்கும் ஏக்கருக்கு 100 மில்லி கணக்கில் அடித்து, மூன்று வாரம் கழித்துப் பாருங்கள். இரண்டு தட்டும் செத்தால் தப்பு தெளிப்பில். உங்கள் வயல் தட்டு மட்டும் பச்சையாக நின்றால், அதை அப்படியே வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.