வீட்டு நீச்சல் குளத்துக்கு வேலி: வாசகர் கேள்வி – பதில்

வீட்டுக்குப் பின்னால் 20 அடிக்கு 10 அடியில் நீச்சல் குளம் கட்டியிருக்கிறோம். சுற்றிலும் ஆறடி மதில் உண்டு. ‘குளத்துக்குத் தனி வேலி போட்டால்தான் பிள்ளைகளைக் கூட்டி வருவேன்’ என்கிறான் சிட்னியில் இருக்கும் மகன். மதில் போதாதா?
– வாசகி, பார்வதிபுரம்

போதாது. மதில் தெருவில் போகிறவரைத் தடுக்கும். பேரப்பிள்ளை தெருவிலிருந்தா வரப்போகிறது? அடுக்களைக் கதவைத் திறந்துகொண்டு வரும். சின்னப் பிள்ளை தண்ணீரில் விழுந்தால் பெரும்பாலும் கத்தவோ கையை அடித்துக் கூப்பிடவோ செய்யாது, சத்தமில்லாமல் மூழ்கிவிடும். வீடு நிறைய ஆள் இருக்கும் விசேஷ நாளில் ‘யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்று எல்லாருமே நினைத்துவிடுவதும் உண்டு.

மகன் இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் இதற்கென்றே 1992ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 30 செ.மீ.க்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடிய குளம் என்றால் வேலி கட்டாயம். அந்தச் சட்டம் இங்கே செல்லாதுதான், ஆனால் அளவுகளை எடுத்துக்கொள்ளலாமே. எல்லை மதிலே வேலியாக நிற்கும் பக்கத்துக்கு அவர்கள் கேட்பது 1.8 மீட்டர், உங்கள் ஆறடி சரியாக இருக்கிறது. ஆகவே மூன்று பக்கமும் மதிலே போதும். செலவு செய்ய வேண்டியது நாலாவது பக்கம், அதாவது வீட்டுப் பக்கம் மட்டும்தான்.

பட்டறைக்காரர் படுக்கைக் கம்பி வைத்த வேலிதான் பார்க்க அழகு என்கிறார். அவரிடம் என்ன அளவு சொல்ல வேண்டும்?
– வாசகர், தக்கலை

படுக்கைக் கம்பி வைத்தால் அது பிள்ளைக்கு ஏணி. நெட்டுக் கம்பிதான் வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

உயரம் குறைந்தது 1.2 மீட்டர், நம் கணக்கில் நாலடி. தளம் போட்டு முடித்த பிறகு, வேலிக்கு வெளிப்பக்கத் தரையிலிருந்து அளக்க வேண்டும். பிறகு டைல்ஸ் ஒட்டி நாலு அங்குலம் ஏற்றினால் அந்த நாலு அங்குலம் வேலியில் குறையும். கம்பிக்குக் கம்பி இடைவெளி 100 மி.மீ.க்குள் இருக்கட்டும். இரண்டு தூணுக்கு நடுவே 2.4 மீட்டர் என்றால் 25 மி.மீ. குழாய் 20 வேண்டும். இடைவெளி 90 மி.மீ. வரும். 16 போதும் என்று குறைத்தால் இடைவெளி 117 ஆகிவிடும். அடியில் தரைக்கும் வேலிக்கும் நடுவிலும் அதே 100 மி.மீ. கணக்குத்தான். மண் தரை என்றால் மழை அரித்து அந்த இடைவெளி பெரிதாகும், கீழே ஒரு வரி கான்கிரீட் போட்டுவிடுங்கள். மேல் சட்டம் ஒன்று, கீழ்ச் சட்டம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே 90 செ.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும், நடுவில் மூன்றாவது சட்டம் கூடாது.

வேலிக்கு வெளியே 90 செ.மீ. தூரத்துக்கு ஏறி நிற்க எதுவும் இருக்கக் கூடாது. பூந்தொட்டி, துணி துவைக்கும் கல், ஏசியின் வெளி யூனிட், குவித்து வைத்த தேங்காய் எல்லாமே படிதான்.

பெரும்பாலும் சொதப்புவது கேட்டில். அது குளத்தை விட்டு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும்; அப்போதுதான் பிள்ளை தள்ளினால் திறக்காது. தானாக மூடி, தானாகக் கொண்டி விழ வேண்டும். கொண்டியை விடுவிக்கும் பிடி தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். கேட்டை முழுதாகத் திறந்து விட்டுப் பாருங்கள், மூடும். அத்தோடு நிறுத்தாமல், கொண்டியைத் தொடும் அளவுக்கு மெதுவாகக் கொண்டுவந்து கையை எடுங்கள். பல கேட்டுகள் இந்த இடத்தில்தான் தோற்கும்: ஸ்பிரிங்கில் இழுப்பு போதாது, அல்லது கேட்டின் பாரத்தில் தூண் சாய்ந்து கொண்டியும் கொக்கியும் நேருக்கு நேர் நிற்காது. கேட் தூணுக்கு மட்டுமாவது இரண்டடி ஆழம் தோண்டிக் கான்கிரீட் போடுங்கள். போக வர வசதியாக இருக்கட்டும் என்று கேட்டுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து வைக்கிற வீட்டில் மேலே சொன்ன எதுவும் பயன்படாது.

எவர்சில்வர் குழாயில் போட்ட வேலி ஒரே வருஷத்தில் பழுப்பாகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், குளச்சல்

அப்படிச் சொல்ல முடியாது. 304 தரமாக இருந்தாலும் கடற்காற்றில் பழுப்பேறும். கடலோரத்துக்கு 316 தரம்தான் சரி. அதில் சேர்க்கும் மாலிப்டினம் உப்பைத் தாங்கும். விலை கூடத்தான். சாதா இரும்பை அறுத்த கிரைண்டர் தூள் மேலே பட்டாலும் துரு பிடிக்கும், அதனால் வேலையைத் தனியாக வைத்துச் செய்யச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி விடுங்கள். குழாய் பழுப்பேறினால் அழகுதான் கெடும். கேட்டின் கீலுக்குள் இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்தால் கேட் மூடாது, முதலில் அதைப் பாருங்கள்.

வேலிக்குப் பதில் அலாரம் வைத்து, மேலே நீல பபிள் ஷீட் விரித்தால் போதுமா?
– வாசகி, மார்த்தாண்டம்

கூடாது. பபிள் ஷீட் தண்ணீரின் சூடு போகாமல் இருக்கத்தான். பிள்ளையின் பாரத்தைத் தாங்காது. கால் வைத்தால் உள்ளே போகும், மேலே ஷீட் மூடிக்கொள்ளும், தேடுகிறவர் கண்ணுக்கும் தெரியாது. அலாரமோ பிள்ளை விழுந்த பிறகுதான் கத்தும். வேலியோடு சேர்த்து வையுங்கள், நல்லது.

குளத்துக்குக் குழி தோண்டியதோடு வேலை நின்றுவிட்டது. இடவப்பாதி மழை வரப்போகிறது. என்ன செய்வது?
– வாசகர், குலசேகரம்

குழியின் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நாலடி உயரத்துக்குத் தகரம் அடித்து மறையுங்கள். பச்சை வலையோ கயிறோ கட்டி ஒப்பேற்ற வேண்டாம். மழை விட்டதும் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறையுங்கள். சேற்றுக் கரையில் பிடித்து ஏற முடியாது, அதனால் உள்ளே ஒரு கயிறு ஏணியை முளையில் கட்டித் தொங்கவிடுங்கள். இதே யோசனையில், கட்டி முடித்த குளத்தை மழைக்காலத்தில் காலி செய்துவிடாதீர்கள். நிலத்தடி நீர் ஏறும்போது காலியான ஃபைபர் குளம் மேலே கிளம்பிவிடும், கான்கிரீட் குளத்திலும் விரிசல் விழலாம்.