தொழில்முனைவுத் திறனை எப்படி அளப்பது? ஐடிஐ ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தொழில்முனைவுப் பாடத்துக்கு முன்னும் பின்னும் ஒரே வினாத்தாளைக் கொடுத்தோம். ‘என்னால் தொழில் நடத்த முடியும்’ என்பதற்கு மாணவர்கள் தங்களுக்கே போட்டுக்கொண்ட மதிப்பெண், பாடம் முடிந்தபின் குறைந்துவிட்டது. பாடம் தோல்வியா?

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். நெதர்லாந்தில் ஒரு தொழிற்கல்லூரி மாணவர்கள் சிறு நிறுவனம் நடத்திப் பழகிய பாடத்தைப் பற்றி 2010-இல் ஓர் ஆய்வு வெளியானது. மாணவர்கள் தாங்களே மதிப்பிட்ட திறன் சொல்லும்படி உயரவில்லை. சொந்தத் தொழில் தொடங்கும் விருப்பமோ குறைந்தது. தங்களைப் பற்றியும் தொழிலின் பாடுகளைப் பற்றியும் தெளிவு வந்தது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். பாக்கி வசூலும் வட்டிக் கணக்கும் என்னவென்றே தெரியாதபோது யாருக்கும் தைரியம் இருக்கும். பாடம் முடிந்தபின், ‘தொடக்கத்தில் நான் எப்படி இருந்தேன்’ என்பதற்கும் மதிப்பெண் போடச் சொல்லுங்கள். இரண்டையும் இப்போதைய தெளிவோடு போடுவதால் ஒப்பீடு ஓரளவு நேர்மையாக இருக்கும்.

சுயமதிப்பீட்டை விட்டால் வேறு என்ன வழி? நான் தையல் பிரிவு ஆசிரியை.

வேலையைக் கொடுத்துக் கணக்கைப் பாருங்கள். ஒரு லைனிங் பிளவுஸுக்கு விலை சொல்லச் சொல்லுங்கள். லைனிங் துணி, நூல், ஹூக் ஆகியவற்றை எல்லோரும் எழுதிவிடுவார்கள். மின்கட்டணம், உடையும் ஊசி, ஓவர்லாக் அடிக்கக் கொடுக்கும் காசு ஆகியவை சிலருக்குத்தான் நினைவுக்கு வரும். தான் உட்கார்ந்து தைத்த நேரத்துக்குக் கூலி எழுதும் மாணவி அரிது. எழுதினால் தாராளமாக மதிப்பெண் கொடுங்கள்.

பிறகு நிலைமையை மாற்றுங்கள். ‘கை இறுக்கமாக இருக்கிறதென்று அந்த அம்மா பிளவுஸைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார், நாளைக் காலை அவர் வீட்டில் முகூர்த்தம்.’ மாணவி முதலில் என்ன கேட்கிறாள்? உள்தையலில் துணி விட்டிருக்கிறதா என்று பார்க்கிறாளா? எத்தனை மணிக்குத் தருவதாகச் சொல்கிறாள்? இவற்றை இரண்டு ஆசிரியைகள் தனித்தனியே குறித்து மதிப்பெண் போட வேண்டும். இருவருக்கும் இடையே பெரிய வித்தியாசம் வந்தால், எதற்கு எத்தனை மதிப்பெண் என்று நீங்கள் வகுத்ததில் தெளிவில்லை என்று பொருள்.

எத்தனை திறன்களை அளக்க வேண்டும்?

ஐரோப்பிய ஆணையம் 2016-இல் வெளியிட்ட ‘என்ட்ரிகாம்ப்’ என்ற தொழில்முனைவுத் திறன் சட்டகத்தில் 15 திறன்கள் இருக்கின்றன. அத்தனையையும் ஒரே ஆண்டில் அளக்கப் போனால் ஆசிரியர் படிவம் நிரப்பியே களைத்துப்போவார். வாய்ப்பைக் கண்டுகொள்வது, பணக் கணக்கு, பிறரைச் சேர்த்துக்கொள்வது, நிச்சயமில்லாத நிலையைச் சமாளிப்பது ஆகிய நான்கே போதும்.

அதிக மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் கடன் திட்டங்களுக்குப் பரிந்துரைக்கலாமா?

வேண்டாம். புதிதாகத் தொழில் தொடங்குவோருக்குக் கடனுதவி தரும் தமிழக அரசின் நீட்ஸ் (NEEDS) திட்டத்துக்கு ஐடிஐ முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 18 வயதில் வெளியேறும் மாணவர் அதற்குள் ஒரு பட்டறையில் மூன்று ஆண்டு வேலை பார்த்து, நீங்கள் அளந்தபோது இருந்ததைவிட வெகுவாக மாறியிருப்பார். மதிப்பெண்ணை, யாருக்கு எதைத் திரும்பச் சொல்லித்தர வேண்டும் என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டவே ஒட்டாதீர்கள்.