பணக்கார வீட்டுப் பிள்ளை கிராமத்துக்கு வரும் தெலுங்கு நகைச்சுவைப் படங்களில் உங்களுக்குப் பிடித்தது எது?

யோசிக்கவே வேண்டாம், 1987இல் வந்த 'அஹ நா பெள்ளண்ட!' ஜந்தியாலா இயக்கியது, தயாரிப்பு டி. ராமாநாயுடு. தலைப்பு 'மாயாபஜார்' படத்தில் சாவித்திரி ஆடும் பாட்டின் முதல் அடி.

கோடீஸ்வர அப்பாவின் ஒரே வாரிசாக ராஜேந்திர பிரசாத். அவருக்குப் பிடித்துப்போன பெண்ணின் அப்பா ஊரறிந்த பிசினாரி. (தெலுங்கிலும் இதே சொல்தான்!) அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்கிறார் பையனின் அப்பா. பையன் விடுவானா? வசதியை எல்லாம் மறைத்துக்கொண்டு அந்தக் கிராமத்துக்கே போய், கஞ்சனை மிஞ்சிய கஞ்சனாக நடிக்கிறான்.

பொதுவாக இந்த மாதிரிக் கதையில் பணக்காரப் பையன் ஊருக்குள் வந்து காசை இறைப்பான், நாலு பேரை அடிப்பான், ஊர் திருந்திவிடும். இதில் அவனிடம் இருக்கும் பணம் அவனுக்கு எதற்குமே உதவாது. பெண்ணின் அப்பாவிடம் நல்ல பேர் வாங்க ஒரே வழி, செலவே செய்யாமல் இருப்பது. மொத்தச் சிரிப்பும் அங்கேதான் பிறக்கிறது.

பெண்ணின் அப்பாவான அந்தக் கஞ்சன் லட்சுமிபதியாக வருபவர் கோட்டா சீனிவாச ராவ், நம் 'சாமி' படத்துப் பெருமாள் பிச்சை. தலைக்கு மேலே ஒரு கோழியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்து வெறும் சோற்றைச் சாப்பிடுவார். சிரிப்பு மூட்டப் போகிறோம் என்ற நினைப்பு அவர் முகத்தில் துளியும் இருக்காது. நிஜமாகவே கோழிக் குழம்பு ஊற்றிப் பிசைந்தது போல அப்படி ஒரு ருசி! அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் 'பிரதிகடனா'வில் வில்லனாக மிரட்டியிருந்தார் என்றால் நம்ப முடியவில்லை.

கஞ்சனிடம் மாட்டிக்கொண்ட வேலைக்காரன் 'அரகுண்டு'வாகப் பாதி மொட்டைத் தலையுடன் வருபவர் பிரம்மானந்தம். அத்திலியில் தெலுங்கு விரிவுரையாளராக இருந்தவரைத் தெலுங்கு தேசமே கொண்டாட வைத்தது இந்த வேடம்தான். முதலாளியை அவர் சபிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் பரிதாபமும் வரும்.

விஜயவாடாவில் வேலை பார்த்தபோது மாடியில் குடியிருந்தேன். வீட்டுக்கார அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் கோழிக்குழம்பு கொடுத்தனுப்புவார். குழம்பு வைக்காத வாரம் படியில் என்னைப் பார்த்தால், ஒன்றும் பேசாமல் விரலை மேலே காட்டிவிட்டுச் சிரிப்பார். முதல் தடவை எனக்குப் புரியவில்லை, மேலே பல்லி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். "இன்னும் அந்தப் படம் பார்க்கலையா நீ?" என்று கேட்டு, அன்று சாயங்காலமே தன் வீட்டு டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டார். கோட்டா வாய் திறக்கும் முன்பே வசனத்தை அவர் சொல்லிவிடுவார், வரிக்கு வரி.

'சங்கராபரணம்' வசனம் எழுதியவரும் இதே ஜந்தியாலாதான். அந்த வசனச் சுவைக்காகவே டப்பிங் தேடாதீர்கள், சப்டைட்டிலோடு தெலுங்கிலேயே பாருங்கள்.