ஃபைல் காப்பி ஓடும்போது மட்டும் கீபோர்டு எழுத்தை விழுங்கினால்

வெளி ஹார்டு டிஸ்கில் காப்பி ஓடும்போது மட்டும் வயர்லெஸ் மெக்கானிக்கல் கீபோர்டு எழுத்தை விழுங்குகிறது என்கிறீர்கள். இதற்காக உங்கள் இயங்குதளமான உபுண்டுவை மறுபடி நிறுவ வேண்டாம், கீபோர்டு விசைகளுக்கு அடியிலுள்ள ஸ்விட்சுகளையும் கழற்ற வேண்டாம். டிஸ்க் இணையும் யூஎஸ்பி 3.0 வேகமாக ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் 2012-லேயே இதை அளந்து வெளியிட்டது. உங்கள் டாங்கிள் (கீபோர்டுக்காக லேப்டாப்பில் செருகும் குட்டி ரிசீவர்) பேசுவதும் அதே அலைவரிசையில்தான். டிஸ்க் கேபிளுக்குப் பக்கத்துத் துளையிலேயே அது இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஒரு மீட்டர் யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளைக் கீபோர்டு அருகிலேயே வையுங்கள். அதுவரை லேப்டாப்பின் மறுபக்கத் துளையில் செருகிப் பாருங்கள், பாதித் தொல்லை அதிலேயே குறையலாம். அப்புறம், வைஃபையும் அதே நேரத்தில் மந்தமானால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடுங்கள்.