குலை வெட்டுவது முதல் நிரல் எழுதுவது வரை: இலக்கு வரைபடம் பற்றிக் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நம்ம பிள்ளைகள் பலர் இப்போது கணினி படிக்கிறார்கள். கோயில், பள்ளி, தோட்டம் என்று எல்லா இடத்துக்கும் ஆப் செய்யச் சொல்லிக் கேட்கவும் ஆள் வந்துவிட்டது. "மென்பொருள் எழுதும் முன் இலக்கை வரை என்கிறீர்களே, அது எதற்கு?" என்று என்னிடம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். எனக்கு ஈப்போவில் பதினாறு வருடமாக இதே வேலைதான்: வாடிக்கையாளர் கேட்பது என்ன, அவருக்கு உண்மையில் வேண்டியது என்ன என்று பிரித்துப் பார்ப்பது.

கேள்வி (பாலிடெக்னிக் மாணவி): அக்கா, இலக்கு, தேவை இரண்டும் ஒன்றுதானா? லெக்சரர் மாற்றி மாற்றிச் சொல்கிறார்.

இல்லை தங்கச்சி. எண்ணெய் தரும் நம்ம செம்பனையையே எடுத்துக்கொள். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும் என்பார்கள். தாமதமானாலும் அடிபட்டாலும் பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும். '24 மணி நேரத்துக்குள் ஆலை' என்பதுதான் இலக்கு. இதைத் தனி ஒருவரால் நிறைவேற்ற முடியாது. வெட்டுபவர், உதிரிப் பழம் பொறுக்குபவர், வேலையை மேற்பார்க்கும் மண்டோர், லோரிக்காரர், ஆலையில் எடை போடுபவர், நீ எழுதப்போகும் ஆப் எல்லாம் சேர்ந்தால்தான் நடக்கும்.

இப்போது 'எப்படி?' என்று கேட்டுக்கொண்டே கீழே இறங்கு. காலையில் வெட்டிய இடம் தெரிய வேண்டும். லோரி அந்த இடத்துக்கு வர வேண்டும். ஆலை வாசலில் வரிசை நீளக் கூடாது. சில இடத்தில் எல்லாக் கிளையும் நிறைவேறினால்தான் மேலே உள்ளது நிறைவேறும். சில இடத்தில் ஏதாவது ஒன்று போதும்: தோட்டத்து லோரி வரலாம், அல்லது வாடகை லோரி வரலாம். ஒவ்வொரு நுனியும் ஒரே ஒருவரின் பொறுப்பு என்று சொல்ல முடிகிற வரை பிரித்துக்கொண்டே போ. அந்த ஒருவர் உன் மென்பொருள் என்றால் அந்த நுனிதான் தேவை. மனிதர் என்றால், அல்லது ஏற்கனவே அங்கே இருக்கும் கருவி என்றால், அதன் பெயர் எதிர்பார்ப்பு. 'குலை எண்ணிக்கையை மண்டோர் அன்றே பதிவார்' என்பது எதிர்பார்ப்பு. அதை நீ நிரல் எழுதி நிறைவேற்ற முடியாது. உன் லெக்சரரிடம் இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்.

'ஏன்?' என்று கேட்டால் மேலே ஏறலாம். வாடிக்கையாளர் "லோரி எங்கே என்று மேப்பில் காட்ட வேண்டும்" என்பார். ஏன் என்று இரண்டு தடவை கேட்டால், குலை கெட்டுப்போகிற பயம் வெளியே வரும். அதற்கு மேப்பைவிட எளிய வழி இருக்கலாம்.

கேள்வி: இதை யார் கண்டுபிடித்தது?

ஒருவர் அல்லர். பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் ஆக்செல் வான் லாம்ஸ்வேர்டும் அமெரிக்காவின் ஓரிகனில் இருந்தவர்களும் சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் 'கேயோஸ்' முறையை உருவாக்கினார்கள். மேலே சொன்ன பிரிப்பு அவர்களுடையது. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் எரிக் யூ 1995இல் முனைவர் பட்டத்துக்காக 'ஐ-ஸ்டார்' முறையைத் தந்தார். ஜான் மைலோபுலோஸும் லாரன்ஸ் சுங்கும் பிரையன் நிக்சனும் 1992இல் 'நன்றாக இருக்க வேண்டும்' வகை இலக்குகளுக்கு ஒரு முறை வகுத்தார்கள். 2008இல் ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யூ. இவற்றிலிருந்து வந்த ஒரு வரைமொழியைத் தர நிர்ணயமாகவே வெளியிட்டது.

கேள்வி (கோயில் செயலாளர்): நாங்கள் நன்கொடைக் கணக்குக்கு ஒரு ஆப் கேட்டோம். தம்பி ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் கேள்வியே கேட்டார். இது தேவையா?

தேவைதான் ஐயா. அந்தத் தம்பி நல்ல வேலை செய்திருக்கிறார். நீங்கள் கேட்டது கணக்கு ஆப். ஆனால் கமிட்டிக்கு உண்மையில் வேண்டியது, 'ஊர் மக்கள் நம்மை நம்ப வேண்டும்' என்பதாக இருக்கும் என்று நினைக்கிறேன். நம்பிக்கைக்கு ஆமா, இல்லை என்று அளவு சொல்ல முடியாது. இப்படிப்பட்டதை மென்னிலக்கு என்கிறோம். 'முழுதாக நிறைவேறியது' என்று யாரும் முத்திரை குத்த முடியாது. 'இந்த அளவுக்குப் போதும்' என்றுதான் சொல்ல முடியும். பொருளியல் நோபல் பெற்ற ஹெர்பர்ட் சைமன், மனிதர் எல்லாவற்றிலும் சிறந்ததைத் தேடுவதில்லை, போதுமானதில் நிற்கிறார் என்றார். அவர் சொன்ன கருத்தையே இந்தத் துறை எடுத்துக்கொண்டது.

ஒவ்வொரு யோசனையும் எந்த மென்னிலக்குக்கு உதவுகிறது, எதைக் கெடுக்கிறது என்று கோடு போட்டுப் பார்க்க வேண்டும். கொடுத்தவர் பெயரையும் தொகையையும் எல்லாரும் பார்க்கும்படி வைத்தால் நம்பிக்கை கூடும். அதே நேரம், ஐந்து வெள்ளி (ரிங்கிட்) கொடுத்த பாட்டி அடுத்த தடவை கூச்சப்படலாம். பெயர் இல்லாமல் ரசீது எண்ணை மட்டும் வைத்தால் பாட்டிக்கும் சரி, கணக்குக்கும் சரி. இதை முடிவு செய்ய வேண்டியது கமிட்டி. புரோகிராமர் தானாக முடிவு செய்துவிடக் கூடாது. அதற்காகத்தான் அவ்வளவு கேள்வி.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை): பள்ளி வேன் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் ஆப் செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?

டீச்சர், திரையில் தொடங்காதீர்கள். யார் யாரை நம்பி இருக்கிறார் என்பதில் தொடங்குங்கள். ஐ-ஸ்டார் முறையின் உயிரே அதுதான், எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

ஒரு தாளில் அம்மா, வேன் ஓட்டுநர், பள்ளி, பிள்ளை என்று நான்கு வட்டம் போடுங்கள். அம்மா ஓட்டுநரை எதற்கு நம்பி இருக்கிறார்? இதில் நான்கு வகை உண்டு. 'பிள்ளை ஏழரைக்குள் பள்ளியில் இருக்க வேண்டும், எந்த வழியில் போனாலும் சரி' என்றால் அது இலக்குக்கான சார்பு. வழி ஓட்டுநரின் விருப்பம். 'பெரிய ரோட்டில்தான் போக வேண்டும், எங்கள் லயத்து வாசலில்தான் நிறுத்த வேண்டும்' என்றால் செயலுக்கான சார்பு. எப்படிச் செய்வது என்பதும் அம்மா சொன்னபடிதான். வேன் இருக்கும் இடம் பற்றிய தகவல் என்றால் பொருளுக்கான சார்பு. 'பிள்ளையிடம் அன்பாக நடக்க வேண்டும்' என்றால் மென்னிலக்குக்கான சார்பு.

இந்த வேறுபாடு சின்னதாகத் தெரியும். ஆனால் ஓட்டுநரின் நிலையில் நின்று பாருங்கள். இதுவரை இலக்கை மட்டும் கேட்ட பெற்றோர், மேப் கையில் வந்ததும் செயலையே கட்டளையிட ஆரம்பிப்பார்கள். "ஏன் அந்தச் சந்தில் திரும்பினீர்கள்?" என்று போன் வரும். அவர் எரிச்சலில் போனை அணைத்துவிட்டால் உங்கள் ஆப்பில் ஒன்றும் தெரியாது. ஒருவரை நம்பி இருப்பவர், அவர் கைவிட்டால் அடிபடுபவர். அதனால் ஓட்டுநருக்கும் இந்த ஆப்பால் என்ன கிடைக்கிறது என்று வரைந்து பாருங்கள். லீவு எடுத்த பிள்ளையின் வீட்டு வாசலில் அவர் வீணாகக் காத்திருக்கத் தேவையில்லை என்றால், அவரே போனை அணைக்க மாட்டார்.

கேள்வி (புரோகிராமர்): அக்கா, நாங்கள் அஜைல், அதாவது சின்னச் சின்னக் கட்டமாக மென்பொருள் செய்பவர்கள். பயனருக்கு வேண்டியதை யூசர் ஸ்டோரியாக எழுதுகிறோம். போதாதா?

யூசர் ஸ்டோரியில் மூன்று பகுதி உண்டு தம்பி: யாருக்கு, என்ன, எதற்காக. ஸ்டோரிகளை வைத்திருக்கும் உன் போர்டைத் திறந்து மூன்றாவது பகுதியை மட்டும் படித்துப் பார். காலியாக இருந்தால் போதாது.

கேள்வி (அதே தம்பி): இலக்கை வரையாமல் போனால் அப்படி என்ன ஆகிவிடும்?

1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவை, வண்டிகளை அனுப்பப் புதிய கணினி அமைப்பை இயக்கியது. எந்த வண்டி எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்பது கணினிக்கு ஏறக்குறைய முழுமையாகத் தெரிந்தால்தான் அது வேலை செய்யும். ரேடியோ எட்டாத இடங்கள் இருந்தன. நெருக்கடியில் ஊழியர்கள் பொத்தானை மாற்றி அழுத்தினார்கள், சில சமயம் அழுத்தவே இல்லை. ஒரே இடத்துக்கு இரண்டு வண்டி போனது. இன்னோர் இடத்தில் நோயாளி காத்திருந்தார். மறுநாளே பாதி வேலையைப் பழையபடி கணினி இல்லாமல் கையால் செய்யத் திரும்பினார்கள்.

1993 செப்டம்பர் 14 அன்று வார்சாவில் ஓர் ஏர்பஸ் ஏ320 மழையில் இறங்கியது. விமானம் தரையில் இருக்கிறதா என்பதைக் கணினி சக்கரத்தின் சுழற்சியையும் சக்கரக் கால்களின் மேல் விழும் எடையையும் வைத்து முடிவு செய்தது. நீர்ப்படலத்தில் சக்கரம் சரியாகச் சுழலவில்லை. வேகம் குறைக்கும் அமைப்புகள் சில விநாடி தாமதமாக இயங்கின; விமானம் ஓடுபாதையைத் தாண்டியது. இருவர் இறந்தார்கள். நிரல் எழுதப்பட்டபடியேதான் ஓடியது. 'தரையில் இருந்தால் சக்கரம் சுழலும்' என்ற எதிர்பார்ப்புதான் தவறியது.

கேயோஸ் முறையில் இதற்குத் தடை ஆய்வு என்று ஒரு படி உண்டு. ஒவ்வொரு எதிர்பார்ப்பையும் எடுத்து, 'இது எப்படியெல்லாம் பொய்க்கும்?' என்று கேட்பது. லாம்ஸ்வேர்டும் அவருடைய மாணவர் லெட்டியேயும் லண்டன் ஆம்புலன்ஸையே எடுத்துக்கொண்டு இதைச் செய்து காட்டினார்கள்.

இதை நான் செய்யாமல் விட்டிருக்கிறேன். ஒரு தோட்ட நிறுவனத்துக்கு வருகைப் பதிவு ஆப் செய்தோம். மண்டோர் காட்டுக்குள் நின்று பதிவார் என்று எடுத்துக்கொண்டோம். உள்ளே போன் லைன் கிடைக்கவில்லை. அவர் மாலையில் ஆபீசுக்கு வந்து ஞாபகத்திலிருந்து பதிந்தார். மாதக் கடைசியில் ஓர் அம்மாவுக்கு நான்கு நாள் சம்பளம் குறைந்தது. தான் வேலைக்குப் போன நாள்களைப் பேனாவால் வட்டமிட்ட காலண்டரை எடுத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றார். காலண்டர்தான் சரியாக இருந்தது. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். லைன் இல்லாவிட்டாலும் போனிலேயே பதிவு நிற்கும்படி செய்ய எங்களுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

கேள்வி: எந்த டூல் நல்லது?

தாளும் பென்சிலும். படம் பெரிதானால் ஐ-ஸ்டாருக்குப் பைஸ்டார் என்ற டூல் பிரவுசரிலேயே இலவசமாக ஓடும். ஆனால் படம் சீக்கிரம் சிலந்தி வலை மாதிரி ஆகிவிடும். இந்த முறைகளின் உண்மையான குறை அது. ஒரு பக்கத்துக்கு மேல் போனால் துண்டாக்கிவிடுங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, அதாவது எழுத்தர்): அம்மா, எங்கள் காலத்தில் வேலைக்கு முன் எல்லாரும் கூடும் விடிகாலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், குறிப்போம். இந்த வரைபடமெல்லாம் கணினிக்கு மட்டும்தானா?

இல்லை ஐயா. எரிக் யூவின் ஆய்வே அலுவலக வேலைமுறைகளை மாற்றி அமைப்பதைப் பற்றியதுதான்.

நம்ம ஊரிலேயே பாருங்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, 'தொழிலாளி வேலையையும் வீட்டையும் இழக்கக் கூடாது' என்பது இலக்கு. விற்பதைத் தடுக்கச் சட்டம் கேட்பது ஒரு வழி. தொழிலாளிகளே பணம் சேர்த்துத் தோட்டத்தை வாங்குவது இன்னொரு வழி. 1959 முதல் நம்ம தொகுதி எம்.பி.யாக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் இரண்டாவது வழியைப் பிடித்து, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்த வழி யாரை நம்பி இருந்தது? மாதாமாதம் சிறு தொகை கட்டிய பால் வெட்டுத் தொழிலாளியை. எங்கள் அப்பாவும் கட்டினார். ஐ-ஸ்டார் வகுப்பு எடுக்கும்போதெல்லாம் நான் முதலில் வரைவது இந்தப் படம்தான்.

பெரட்டில் முகத்தைப் பார்த்தவரே பெயரையும் குறித்தார். எங்கள் ஆப்பில் அதுதான் விட்டுப்போனது. உங்களிடம் பழைய செக்ரோல் நோட்டு இருந்தால் பத்திரமாக வையுங்கள் ஐயா. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது பார்க்க வேண்டும். எதற்கெல்லாம் தனிக் கட்டம் போட்டிருந்தீர்கள், எதற்கு ஓரத்தில் எழுதினீர்கள் என்று நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.